தம்பியை ருயி என்று கூப்பிடும் வீடு

ஒக்டோபர் 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். எங்கள் பொண்டி ஸ்டேஷனில் ரயில் பிந்தியது. தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனேயில் பார்லரைத் திறக்கும்போதே வாசலில் ஆட்கள். தீபாவளி வருகிறதே. புருவம், புருவம், புருவம். நூல் இழுத்து விரல் இடுக்கு வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது.

வாங்க: நூல் கட்டை, சின்னத் துவாய், பச்சை மிளகாய். அம்மாவின் பிறஷர் குளிசை கொண்டுபோக ஊருக்குப் போகும் ஆள் யாராவது தேட வேண்டும்.

மத்தியானம் தம்பி ரமணன் லிஸ்பனிலிருந்து வீடியோவில். இங்கே பிரெஞ்சுக்காரர் அகதிக் கேஸை மறுத்தபின் அங்கே போனவன். இப்போது வதிவிட கார்ட் கிடைத்துவிட்டது, ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. கோடையிலிருந்து ஒரு போர்த்துக்கீச விதவையின் வீட்டில் அறை. லூர்தெஸ் என்று பெயர்.

தலை வகிடு மாறியிருந்தது. சின்ன வயதிலிருந்து இடப்பக்கம். இப்போது வலப்பக்கம், தண்ணீர் தொட்டு அழுத்தி வாரினது. கேட்டேன்.

"அவ இழுத்து விட்டவ," என்றான். சாதாரணமாக.

ஒக்டோபர் 12, ஞாயிறு

குளிர் தொடங்கிவிட்டது. இவருக்கு லீவு. கோழிக்கறி. தம்பியோடு நீளமாகக் கதைத்தோம்.

லூர்தெஸின் ஒரே மகன் ருயி. மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டான். தம்பி இருப்பது அவனுடைய அறை.

அறைக்குப் போன முதல் நாள் நான் போன் எடுத்திருந்தேனாம். உடுப்பெல்லாம் எங்கே வைத்தாய் என்று கேட்டேனாம். இவன் சொன்னது: "அலுமாரிச் சாவி மேசையில கிடக்கு அக்கா, இன்னும் திறக்கேல்லை." வாசலில் நின்ற அந்த மனுசிக்கு அது விளங்கிவிட்டது. அலுமாரி, சாவி, மேசை மூன்றும் அவர்களுடைய போர்த்துக்கீசச் சொற்கள்தானே. அதுவரை பூட்டியே கிடந்த அலுமாரி. வந்து, சாவியை எடுத்து, தானே திறந்தாவாம். உள்ளே மகனின் சட்டைகள். எல்லாம் அயர்ன் பண்ணி. ஒன்றை எடுத்து இவன் தோளில் வைத்துப் பார்த்தாவாம்.

இவர் சிரித்தார். அந்தக் காலத்தில் அவர்கள் எங்களிடம் விட்டுவிட்டுப் போனதைத் தம்பி திருப்பிக் கொடுத்திருக்கிறான் என்றார். நானும் சிரித்தேன்.

"சப்பாத்தும் அளவு," என்றான் தம்பி.

பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கால் வீங்கிவிட்டது நின்று நின்று.

மூன்று தரம் போன் அடித்தும் தம்பி எடுக்கவில்லை. நாலாம் தரம் பெண் குரல். ரமணன் என்றேன். அவ ஏதோ சொன்னா. திரும்ப, ரமணன் என்றேன். ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னா. ருயி நித்திரையாம். பிரெஞ்சுச் சொல் மாதிரித்தான் அது, விளங்கியது. மன்னிக்கவும் என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் ஏன் மன்னிப்புக் கேட்டேன்?

கிளிநொச்சியிலிருந்து அம்மா. தம்பி போன் எடுத்தானா என்று கேட்டார். எடுத்தான் என்று பொய். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கும் தெருவோரப் பந்தலில் இருந்துதான் கதைத்தார், பின்னால் வாகனச் சத்தம். அண்ணன் சுதனின் படத்தோடு இன்னமும் அங்கே போய் இருக்கிறார். யுத்தம் முடிந்த நாள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஆமியிடம் ஒப்படைத்தது அம்மாதான். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். அண்ணனுக்குத் திவசம் என்ற பேச்சே எடுக்கக்கூடாது. எடுத்தால் அம்மா அன்று முழுக்கச் சாப்பிடமாட்டார்.

நவம்பர் 1, சனி

இங்கே எல்லோரும் கல்லறைக்குப் போகும் நாள். பூக்கடைகளில் சாமந்தி.

தம்பி படம் அனுப்பியிருக்கிறான். அங்கேயும் கல்லறை. லூர்தெஸ் கறுப்பு உடுப்பில், இவன் பக்கத்தில் பூச்சட்டியோடு. கல்லில் ருயி என்று பெயர், முட்டை வடிவத்தில் முகப்படம். தனக்கிருக்கும் பெயருக்குத் தானே பூ வைத்துக்கொண்டு நிற்கிறான்.

படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். நாள் முழுக்க முகம் பார்க்கிறவள் நான். புருவ எலும்பு, காது, நாடி, ஒன்றும் ஒத்துப்போகவில்லை. ருயிக்கு வெள்ளைத் தோல், தடித்த தாடை, பூனைக் கண். கொஞ்சமாவது சாயல் இருந்திருந்தால் மனம் ஆறியிருக்கும். சாயலே இல்லை.

போன் எடுத்துக் கேட்டேன். அந்தத் தெருவில் பாண் கடைக்காரன், மாதா கோயில் சாமியார், எல்லோருமே ருயி என்றுதான் கூப்பிடுகிறார்களாம்.

"அவைக்கு விசரோ?"

"இல்லை அக்கா. எல்லாருக்கும் தெரியும். அவவுக்கும் தெரியும்."

"பிறகேன்?"

"கூப்பிடேக்கை திரும்பிப் பாக்கிறன். அவ்வளவுதான்."

பொண்டியில் ஒரு சம்பந்தம் இருக்கிறது, பெண்ணைப் பார்க்க வா என்றேன். வருகிறேன், அவவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றான்.

நவம்பர் 8, சனி

வெயில், ஆனால் காற்று. எழுதக் கை வரவில்லை. எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு நானே நம்பமாட்டேன்.

பதினொரு மணிபோல பார்லர் கதவு திறந்தது. கோடு போட்ட நீலச் சட்டை, தோளைக் கொஞ்சம் சரித்த நடை. "பொன்ஜூர் மிஸியூ" என்றேன். என் தம்பியைப் பார்த்து. அவன் சிரித்த பிறகுதான் தெரிந்தது.

லூர்தெஸ் அவன் முழங்கையைப் பிடித்தபடி. சின்ன உருவம், காதில் தங்கத் தோடு. என் கன்னம் இரண்டையும் பிடித்து முத்தம். கதிரையைக் காட்டினேன். "கதெய்ரா" என்று சொல்லி இருந்தா. நல்லவ. அதையும் எழுத வேண்டும். கெட்டவவாக இருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

சேன்-தெனியில் ஒரு தமிழ்க் கடைக்குச் சாப்பிடப் போனோம். இடியப்பமும் மீன் சொதியும். கையால் குழைத்து ஒழுங்காகச் சாப்பிட்டா, தம்பி பழக்கியிருக்கிறான். அவன் பிளேட்டில் மீன் முள்ளை எடுத்து எடுத்து வைத்தா. பக்கத்து மேசையில் யாரோ, "வெள்ளைக்காரி பெத்த பிள்ளையைப் பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறா."

அவ கை கழுவப் போன நேரம் கேட்டேன். சம்பந்தம் வேண்டாமாம். திரும்பி வருவதாக இல்லை.

"நீ எங்கடை அம்மாவின்ரை பிள்ளையடா."

"இஞ்சை என்ரை பேரைக் கேட்டவை எல்லாரும் விசா பேப்பர் பாக்கத்தான் கேட்டவை. அங்கை சாப்பிடக் கூப்பிடினம். வேறை பேர்தான். எனக்கு அது காணும் அக்கா."

அவன் பிளேட்டில் இன்னொரு இடியப்பம் வைத்தேன்.

அப்போதுதான் அம்மாவின் வீடியோ கோல். தம்பி போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தான். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கண் சிமிட்டவில்லை. படம் இறுகி நிற்கிறதாக்கும் என்று நினைத்தேன். பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"சுதன்," என்றார்.

அம்மா இது ரமணன், சட்டைதான் வேறை, என்று சொல்ல வாய் திறந்தேன். லூர்தெஸ் திரும்பி வந்து அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தா. திரையில் அம்மாவைக் கண்டதும் தன் நெஞ்சில் கை வைத்து, பிறகு அந்தக் கையை எடுத்துத் திரையில் வைத்தா. அம்மா தலையை ஆட்டினார். இரண்டு பேருக்கும் ஏதோ பேசி முடிந்த மாதிரி.

"சாப்பிட்டியோ சுதன்?"

தம்பி என்னைப் பார்க்கவில்லை.

"ஓமம்மா. சாப்பிட்டன்."

அது தம்பியின் குரல் இல்லை. யாருடையது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மூடுபனி. எதிர் வீடு தெரியவில்லை. அவர்கள் விடியவே விமானத்துக்குப் போய்விட்டார்கள். லூர்தெஸ் விட்டுப்போனது ஒரு டின் பிஸ்கட். இவர் தொடவில்லை.

அம்மாவிடமிருந்து போன். இன்று பந்தலுக்குப் போகவில்லையாம். இரவு நல்ல நித்திரையாம். அந்தச் சொல்லை அம்மா வாயால் கேட்டு எவ்வளவு காலம். முருங்கைக்காய்க் கறி வைத்திருக்கிறாராம். கனநேரம் கோழி, கிணறு என்று கதைத்தார், தம்பியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

பிறகு சொன்னார், "பெரியவன்ரை நம்பரை ஒருக்காச் சொல்லு பிள்ளை. எழுதி வைக்க."

இவர் குசினி வாசலில் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உண்மையைச் சொல்லு என்று வாயசைத்தார்.

"தம்பியின்ரை நம்பர்தான் அம்மா," என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்."