தங்கராசு போடாத கோடுகள்

1988 ஆவணி, வெள்ளி இரவு.

என் தேற்றத்தைத் தன் கட்டுரையாக்கிக்கொண்ட தங்கராசு, அதைக் கம்ப்யூட்டரில் அடித்துத் தரவும் என்னையே கேட்டான். ஆராய்ச்சிப் படிப்பில் எங்கள் இருவருக்கும் ஒரே கைடு. அவன் அந்தக் கைடுக்கு உறவுக்காரன். அடித்தேன்.

‘சமமல்ல’ என்பதற்கு எங்கள் பிரிண்டர் முதலில் சமக்குறியை அடித்து, பிறகு அதன்மேல் ஒரு சாய்கோட்டை அடிக்கும். கோடு எப்போதும் கொஞ்சம் விலகித்தான் விழும்.

"என்ன மாப்ள, இம்புட்டுக் கோணலா இருக்கு? கோட்டையெல்லாம் எடுத்துரு, நானே பேனாவால போட்டுக்கிறேன்" என்றான்.

எடுத்துவிட்டு மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் வாடிப்பட்டி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் கணிதப் பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய கவரை என் கையில் திணித்து, "ஒட்டித் தபால்ல போட்டுரு, வாரேன்" என்றான்.

உள்ளே பார்த்தேன். ஒரு கோடுகூடப் போடவில்லை. பூஜ்யத்துக்குச் சமமல்ல என்று நான் நிறுவியதெல்லாம் பூஜ்யத்துக்குச் சமம் என்று நின்றது.

பேனா என் சட்டைப்பையில்தான் இருந்தது. கோந்தைத் தடவி ஒட்டினேன். தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இனிக்கிறது.

கெட்டுப்போனது என் தேற்றம்தான். போகட்டும். மேலே அவன் பெயர் மட்டும்தானே இருக்கிறது.