மாமி, மேடையை இடித்துவிட்டேன்

ஒரே வீட்டில் நாலு வருஷம் இருந்தும் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத என் அன்பு மாமிக்கு, உங்க மருமகன் சலாம் சொல்லி எழுதுவது.

நீங்க கண்ணை மூடி எட்டு மாசம் ஆகிறது. மட்டாஞ்சேரி அப்படியேதான் இருக்கிறது. கடை நடக்கிறது, உங்க மகள் ஜமீலாதான் நடக்க முடியாமல் இருக்கிறாள். உங்களுக்கு வந்த அதே முட்டிவலி. இந்தக் கடிதத்தை எங்கள் வியாபாரிகள் சங்கத்து மலரில் போடக் கொடுத்தபோது, "கக்கூஸ் விஷயத்தையா அச்சில் ஏத்தணும்?" என்று செயலாளர் முகம் சுளித்தார். வீட்டுக்கு வீடு இருக்கிற சாமானுக்கு என்னய்யா வெட்கம் என்றேன். அந்த வெட்கம்தானே மாமி நம்ம ரெண்டு பேரையும் கெடுத்தது?

மாமா மௌத்தாகி நீங்க தனியான பிறகு, எமர்ஜென்சி முடிந்த வருஷம், பாலக்காட்டிலிருந்து உங்களை நான்தான் கூட்டி வந்தேன். குத்தவைத்து உட்கார்ந்தால் நீங்க எழுந்திருக்கப் படும் பாட்டை ஜமீலா சொன்னாள். அடுத்த வாரமே யூரோப்பியன் கிளாசெட் வாங்கி வந்தேன். எங்கள் தெருவில் அது அபூர்வம். பஜாரில் சொல்லிச் சொல்லிப் பெருமை அடித்தேன்.

ஆனால் எனக்குத் தெரிந்தது சுக்கும் மிளகும்தானே. கடல் ஏறுகிற மாதங்களில் மட்டாஞ்சேரித் தரையில் தண்ணீர் நிற்கும். சரக்குச் சாக்கைத் தரையில் வைக்கிறவன் முட்டாள். அந்தக் கணக்கில் ஆறு அங்குலத்துக்கு மேடை கட்டி, அதன்மேல் கிளாசெட்டை ஏற்றிவைத்தேன். சாக்குக்குச் செய்கிற மரியாதையை மாமியாருக்கும் செய்தேன். உங்க உயரம் என்ன, உங்க கால் தரையைத் தொடுமா என்று ஒரு தரம் யோசித்தேனா? இல்லை.

கிளாசெட்டில் பழுப்பாக ஒரு பொருக்கு படிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அசுத்தம் என்று நினைத்து நீங்க செங்கல் துண்டால் தேய்த்தீங்க. நான் அதைவிடக் கெட்டிக்காரன் இல்லையா, ஆசிட் பாட்டிலைக் கொண்டுவந்து கவிழ்த்தேன். வேலைக்காரி காலையில் போட்ட பிளீச்சிங் பவுடர் உள்ளேயே இருந்தது எனக்குத் தெரியாது. கிளம்பிய புகையில் கண் எரிந்து, மூச்சுத் திணறி, ஒரு வாரம் இருமினீங்க. ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாமே மாமி!

உங்க நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து, மூணாவது வீட்டு ரோசி சேச்சி வந்தாள். பேச்சோடு பேச்சாக, "மோனே, ரெண்டு கொல்லமாயிட்டு அம்மாயியம்மா தினமும் வெளுப்பினே என்டெ வீட்டிலே கக்கூஸுக்குத்தான் வந்தது. நீ அறிஞ்ஞில்லே?" என்றாள்.

ரெண்டு வருஷம்! விடிந்தும் விடியாமலும், ஆடி மாசக் கர்க்கடக மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, ஊன்றி ஊன்றி, மூணு வீடு தள்ளி. பேச்சுத்துணைக்குப் போறீங்க என்றல்லவா நினைத்தேன்? சேச்சி வீட்டில் கிளாசெட்டை மேடை இல்லாமல் தரையிலேயே வைத்திருக்கிறதாம். நம் வீட்டில் ஏறி உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கிற்றாம், இறங்கும்போது ரெண்டு தரம் சறுக்கினீங்களாம். இதெல்லாம் எனக்கு ஊர்க்காரி சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

ஜமீலாவைப் பிடித்துக் கேட்டேன். அவளுக்குத் தெரியும்! "மருமகன் காதுக்கு இது போச்சுன்னா மறுபஸ்ஸிலே பாலக்காட்டுக்குப் போயிடுவேன்னு அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. நான் என்ன செய்ய?" என்கிறாள். நல்ல அம்மா, நல்ல மகள். ஒரு சுத்தியலும் அரை நாளும் போதும் மாமி. அதற்கு ரெண்டு வருஷ மழை.

போன மாசம் அவள் முட்டியும் மடங்காமல் போனது. அவளும் அந்த மேடைமேல் ஏற மாட்டேன் என்று சாதித்தாள். அங்கே போகப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டாள். நான் அளவுநாடாவோடு போனால், "எங்கம்மாவுக்குச் செய்யாததை எனக்குச் செய்ய வந்துட்டீங்களா?" என்று முகத்தைத் திருப்பினாள். நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பள்ளுருத்தியிலிருந்து வேலாயுதன் மேஸ்திரியை வரவழைத்தேன். மேடையைப் பார்த்துச் சிரித்தான். "சாக்குக்குக் காலில்ல மொதலாளி, மனுஷனுக்கு உண்டு. வெள்ளத்தைப் பயந்தா தரை முழுசையும் ஏத்தணும், கிளாசெட்டை மாத்திரம் ஏத்தக் கூடாது." அளக்கும் விதத்தையும் அவனே சொன்னான். வெறுங்காலோடு நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் முழுக்கத் தரையில் பதிய, தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை. அதுதான் கிளாசெட்டின் உயரம். முட்டிவலிக்காரர்களுக்கு எழுந்திருக்க லேசாக இருக்க அரை அங்குலம், ஒரு அங்குலம் கூட்டலாம், ஆனால் குதிகால் தூக்கக் கூடாது. பிடித்து எழ சுவரில் ஒரு கம்பி.

அந்தப் பொருக்கும் அசுத்தமே இல்லையாம் மாமி. கிணற்று நீரில் இருக்கிற சுண்ணாம்பாம். உள்ளே நிற்கிற தண்ணீரை மொண்டு எடுத்துவிட்டு, மீன் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரை ஊற்றி, மேலே படிந்த இடத்தில் வினிகரில் நனைத்த பழந்துணியை ஒட்டி, ஜன்னலைத் திறந்துவைத்து மத்தியானம் வரை விடணும். பிறகு பிரஷ். ஒரே நாளில் போகாது, எனக்கு நாலு தரம் ஆயிற்று. கத்தியும் செங்கல்லும் கூடாது, கீறல் விழுந்தால் இன்னும் பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே வரக் கூடாது. வினிகரோடு சேர்ந்தாலும் அது விஷம்தானாம்.

மேடையை நானே இடித்தேன். ஆனால் பழைய புத்தி போகுமா? கடலுக்குப் பயந்து ரெண்டு அங்குலம் மிச்சம் வைத்தேன். கிளாசெட்டைத் திரும்ப வைத்து, சிமென்ட் காய்ந்ததும் ஜமீலா முனகிக்கொண்டே உள்ளே போனாள். நான் வெளியே நின்றேன். சத்தமே இல்லை. உங்களைப் போலவே இவளும் வாயை மூடிக்கொள்வாளோ என்று கதவைத் தட்டப் போனேன்.

அப்புறம் தெருவுக்கே கேட்க ஒரு கத்தல். "இங்க பாருங்க, குதிகால் தொடவே இல்ல! இன்னும் ரெண்டு விரல் கொறைங்க! யாருக்காகக் கட்டினீங்க இதை, ஒட்டகச்சிவிங்கிக்கா?"

எதிர்க் கடைக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும். அன்று சாயங்காலமே மிச்ச மேடையையும் பெயர்த்தேன். நீங்க ஒருநாள், ஒரே ஒருநாள், இப்படிக் கத்தியிருக்கக் கூடாதா மாமி?

இனி இந்த வீட்டில் யார் எதைச் சொல்லக் கூசினாலும் நானே போய்க் கேட்பேன். மரியாதை கெட்டவன் என்றாலும் கேட்பேன். ஜமீலா எத்தனை தரம் கத்தினாலும் அத்தனை தரம் இடித்துக் கட்டுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்க மகளிடம் தினமும் திட்டு வாங்கும் மருமகன்,
காதர்