உம்மாவின் மாவை நான் குடிக்கிறேன்

யாழ்ப்பாணம்
வெள்ளி இரவு

அன்புள்ள நிலூபா ராத்தாவுக்கு,

ஸலாம். உங்கள் மாமி பக்கத்தில் இருந்தால் இதை மடித்துவைத்துவிட்டுப் பிறகு தனியாக வாசியுங்கள். விடிய புத்தளம் வரும் கலந்தர் மாமாவின் வேனில் கொடுத்துவிடுகிறேன். போனில் சொல்ல முடியாது. உம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் உங்களோடு கதைப்பார்.

உம்மாவின் குடலில் உள்ள கட்டியை வெட்ட வரும் புதன்கிழமை நாள் வைத்திருக்கிறார்கள். அது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் நடக்கும் ஓர் ஆய்வில் உம்மாவைச் சேர்த்ததும் தெரியும். ஒப்பரேசனுக்கு முந்திய மூன்று கிழமை, இருபத்தொரு நாளும் சத்துமா கரைத்துக் குடித்தால் காயம் கெதியாக ஆறுமா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மா, பாதிப் பேருக்கு வழமையான சாப்பாடு. உம்மாவுக்கு மா கிடைத்தது. காலை ஏழு மணிக்கு ஒரு கிளாஸ், பின்னேரம் மூன்று மணிக்கு ஒரு கிளாஸ். குடித்ததும் தாளில் சரி போட வேண்டும். அந்த வேலையை, ஆய்வைக் கவனிக்கும் நர்ஸ் யோசப்பின் மிஸ் என்னிடம்தான் தந்தார்.

ராத்தா, உம்மா ஒரு கிளாஸ்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. அவர் நோன்பு பிடிக்கிறார்.

நான் பிறந்த வருஷம் ரமழானில் விட்டுப்போய்க் கடனாக நிற்கும் இருபத்தொன்பது நோன்பில் முடிந்ததையெல்லாம் ஒப்பரேசனுக்கு முன் பிடித்துவிடப் பார்க்கிறார். பதினேழு முடிந்துவிட்டது. நோயாளிக்கு அல்லாஹ் தவணை தந்திருக்கிறான், சுகம் வந்த பிறகு பிடியுங்கள் என்று கெஞ்சினேன். “சுகம் வந்தால்தானே மகள்” என்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரவில் கரைத்துக் கொடுத்தும் பார்த்தேன். இரண்டு மிடறோடு குமட்டுகிறதாம். முதல் நாள் காலையே, “கரைச்சதை ஊத்தாதை, வீணாக்கிறது பாவம், நீ குடி” என்றார். குடித்தேன். தாளில் சரியும் போட்டேன். அன்றிலிருந்து எல்லாக் கிளாசையும் நான்தான் குடிக்கிறேன்.

போன கிழமை உம்மாவை நிறுத்துப் பார்த்தார்கள். நாற்பத்தாறு கிலோ நாற்பத்துமூன்றாகிவிட்டது. இந்த உடம்போடு வெட்டினால் தையல் பிடிக்குமோ என்று டொக்டர் யோசித்தார். யோசப்பின் மிஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பிள்ளை ஒரு நேரமும் தவறவிடேல்லை. அப்ப மாதான் சரியில்லைப் போலை” என்றார். உம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னுடைய பொய்ச் சரிகளைப் பார்த்து, இந்த மா உதவாது என்று எல்லா நோயாளிகளுக்கும் நிறுத்திவிட்டால்?

பள்ளிக்கூடத்தில் ஆரபி பகிடி பண்ணுகிறாள். “என்னடி அஸீலா, நாளுக்கு நாள் ஊதுறாய், வீட்டிலை புரியாணிக் கடை போட்டிருக்கோ?” எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உண்மையாகவே சட்டை இடுப்பில் இறுகுகிறது ராத்தா. உம்மாவில் குறைவது என்னில் ஏறுகிறது.

டொக்டரிடமும் மிஸ்ஸிடமும் சொல்லமாட்டேன் என்று உம்மா சத்தியம் வாங்கிவிட்டார். உங்கள் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். வாப்பா மவுத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு அவர் கேட்பது உங்கள் சொல்லை மட்டும்தான். இதோடு இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். எந்தெந்த நாள் யார் குடித்தது என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை உம்மாவை வாட்டில் சேர்க்கும்போது அதை நீங்கள் மிஸ்ஸின் கையில் கொடுக்க வேண்டும். அவர் என்னை ஏசினால் ஏசட்டும்.

மிச்சப் பன்னிரண்டையும் நான் பிடிக்கலாமா என்று ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் கேட்டேன். என்னால்தானே விட்டுப்போனது. உயிரோடு இருக்கிறவருக்காக வேறொருவர் பிடிக்க முடியாது என்றார். அதற்குப் பிறகு, பிள்ளைகள் எப்போது பிடிக்கலாம் என்று சொல்லத் தொடங்கினார். நான் கேட்காமல் எழும்பி ஓடிவந்துவிட்டேன்.

நாலு மணிக்கு உம்மா ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பிவிடுவார். அதற்கு முன் விளக்கை அணைக்க வேண்டும். ஞாயிறு பஸ்ஸிலாவது ஏறிவிடுங்கள். அல்லாஹ் உங்கள் வழியை இலேசாக்கட்டும், அந்தப் பன்னிரண்டையும் உம்மாவே பிடிக்கும்படி ஆக்கட்டும்.

உங்கள் தங்கை
அஸீலா