பூட்டிய வயல்

பசுவைக் கொடுத்து என்னை நண்பனாக்கிக்கொண்ட லிமாரெங்குக்கு,

நீ மாடுகளோடு உகாண்டா எல்லையைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். மிஞ்சியவை நலமா?

ஒவ்வொரு கோடையிலும் சோளம் அறுத்த என் மலை வயலில் உன் மாடுகள் மேயும். அவற்றின் சாணத்தில்தான் எனக்கு அடுத்த விளைச்சல். இந்த வருடம் பட்டா கிடைத்ததும் கம்பிவேலி போட்டுப் பூட்டினேன். நீ வந்து நின்றாய்.

"நிலத்துக்குப் பூட்டா? யாருப்பா தூக்கிட்டுப் போயிடுவாங்க?" என்று சிரித்தாய்.

"இனி இது என் நிலம், லிமாரெங். வேற பக்கம் பாரு," என்றேன்.

மாடுகளைத் திருப்பினாய். புல் தேடிப் போன வழியில் ஒன்பது மாடுகள் செத்துவிட்டனவாம்.

நேற்று உங்கள் ஊர்க்கூட்டத்துக்குப் போனேன். ஒரு பெரியவர், "அன்னிக்கு நீ வீட்டுல இல்லையாமே? 'இருந்திருந்தா அவன் தொறந்து விட்டிருப்பான்'னு லிமாரெங் சொன்னானே," என்றார்.

எனக்காக நீ பொய் சொல்லியிருக்கிறாய்.

"நான் வேலிக்கு உள்ளதான் நின்னேன்," என்று சொல்லிவிட்டேன்.

யாரும் திட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் உன் மனைவி, "வெயில்ல நடந்து வந்திருக்கீங்கண்ணா, குடிங்க," என்று சுரைக்குடுவையை நீட்டினாள். பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த பால் அது. வாங்கிக்கொண்டேன், குடிக்க முடியவில்லை.

உன் நண்பன் என்று இன்னும் எழுதலாமா என்று தெரியாத,
மலைக்காரன்