என் முறை ஜெபம்

மார்ச் 9, ஞாயிறு

இன்று சபை ஜெபம் என் முறை. நாங்கள் ஒன்பது மூப்பர்கள், வாரம் ஒருவராக மேடையேறி எல்லாருக்காகவும் ஜெபிப்போம். மழைக்கு, நோயாளிகளுக்கு, பிறகு நாட்டுக்கு. நாடு என்று வந்ததும் வார்த்தை மடை திறந்தது. "ஆண்டவரே, சியோல் வீதியில் மெழுகுவத்தி பிடித்துப் போராட்டம் நடத்தி நாட்டைக் குலைக்கிற பிள்ளைகளையும், அவர்களை அப்படி வளர்த்துவிட்ட பெற்றோரையும் மன்னியும்!"

என்ன ஒரு ஆமென்! கூரை அதிர்ந்தது. முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டியவனுக்கு இப்படி ஒரு சத்தம் வாழ்நாளில் கிடைத்ததில்லை.

மதியச் சாப்பாட்டில் முள்ளங்கி இலை சூப்பில் உப்பே இல்லை. பத்தொன்பது வருஷமாகச் சபைக்குச் சமைக்கிற தாக் அம்மாவுக்கு இன்று என்ன ஆயிற்றோ.

மார்ச் 10

'தெரியாமல் சொல்லிவிட்டேன்' என்று எழுத உட்கார்ந்தேன். பொய். போன வாரம் சோ மூப்பர் கைபேசியில் காட்டினாரே, செய்திப் படத்தில் மெழுகுவத்தியோடு தாக் அம்மாவின் மகள் ஹா-யோங். மேடையில் நின்றபோது அந்த முகம்தான் என் கண்ணுக்குள் இருந்தது. சபையில் முக்கால்வாசிப் பேருக்கும் அது தெரியும். ஆமென் அவ்வளவு பலமாக வந்ததும் அதனால்தானே?

காலைச் சோறு வைத்துக்கொண்டே பெண்டாட்டி போக்-ஹீ சொன்னாள்: "ஜெபம்னா மேல பாத்துப் பண்ணணும்ங்க. நீங்க தாக் அம்மா உக்காந்திருந்த மூணாவது வரிசையைப் பாத்துப் பண்ணீங்க." சோற்றை வேகமாக விழுங்கினேன்.

மார்ச் 16, ஞாயிறு

ஞாயிறுதோறும் நான் ஓட்டும் சபை வேனை, தாக் அம்மா ஏறும் பாலத்தடியில் நிறுத்தினேன். தாக் அம்மா இல்லை. ஏழு நிமிஷம் காத்திருந்தேன். பின்னாலிருந்து முணுமுணுப்பு: "எடுங்க மூப்பரே, பாட்டு ஆரம்பிச்சிருவாங்க."

மதியம் எல்லாருக்கும் கப் நூடுல்ஸ். சோ மூப்பர் என் முதுகில் தட்டினார். "சரியான போடு போட்டீங்க! ஆளையே காணோம் பாருங்க."

நானும் சிரித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் சிரித்தேன்.

மார்ச் 19, புதன்

மூப்பர் கூட்டம். போதகர் ஊ புது ஒழுங்கு கொண்டுவந்தார். இனி சபை ஜெபத்தை முன்கூட்டியே எழுதிக் காட்ட வேண்டும்; சபையின் கைபேசிக் குழுவில் கட்சி வீடியோ அனுப்பக் கூடாது. முதலில் கை தூக்கியவன் நான். பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் போதகர் பிடித்துக்கொண்டார். "இது இனிமே வரப்போறதுக்கு, மூப்பரே. நடந்துபோனதுக்கு?"

"அடுத்த முறை ஜெபத்துல மன்னிப்பு கேட்டுர்றேன்."

 அவர் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 22, சனி

தாக் அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க கட்சி உங்களுக்கு, என் கட்சி எனக்கு," என்றாள். "எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் சோத்துத் தட்டுக்கு முன்னால தினம் இந்தச் சண்டைதான். நீங்க வேன்ல சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை திருப்பிக் குடுத்திருப்பேன். ஜெபத்துல எப்படி மூப்பரே பதில் பேசுறது? கண்ணை மூடி, தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். அப்பப் பாத்து அடிச்சீங்க."

இன்னொரு பூண்டை எடுத்து நகத்தால் கீறினாள்.

"அது கூடப் போகட்டும். பழக்கத்துல நானும் ஆமென் சொல்லிட்டேன். எம் பொண்ணுக்கு எதிரா, என் வாயாலயே. அப்புறம்தான் உறைச்சுது."

ஐயோ, அந்தப் பிள்ளை ஞாயிறு பள்ளிக்கு வந்த நாளெல்லாம் வேனில் என் இருக்கைக்குப் பின்னால்தானே உட்காரும். "அடுத்த முறை ஜெபத்துல உங்க பேரைச் சொல்லி…" என்று ஆரம்பித்தேன்.

"மறுபடியும் என்னைக் கண்ணை மூடச் சொல்றீங்களா?"

பூண்டுத் தோலை முறத்திலிருந்து ஊதினாள். நான் வந்துவிட்டேன். என்ன மனுஷன் நான்?

மார்ச் 23, ஞாயிறு

பாலத்தடியில் இன்றும் அவள் இல்லை. ஊர் கேட்க அடித்தேன், ஊர் கேட்கத்தான் சொல்ல வேண்டும். அறிவிப்பு நேரத்தில், சுற்றுலாவுக்கும் யாரோ ஒருவரின் முழங்கால் ஆபரேஷனுக்கும் நடுவில் எழுந்தேன்.

"சியோல் கூட்டத்தைப் பத்தி என் எண்ணம் மாறல. ஆனா நான் பண்ணது ஜெபம் இல்ல. பதில் சொல்ல முடியாத இடத்துல ஒரு தாயை அடிச்சேன். ஆண்டவர் பேரைச் சொல்லி அடிச்சேன். கண்ணைத் திறந்துக்கிட்டுச் சொல்றேன், நீங்களும் திறந்துக்கிட்டே கேளுங்க."

 ஆமென் வரவில்லை. யாரோ இருமினார்கள். சோ மூப்பர் கூரையைப் பார்த்தார். போதகர் சுற்றுலா பற்றி மறுபடி படித்தார்.

மார்ச் 24

எதுவும் இல்லை. மழை.

மார்ச் 30, ஞாயிறு

பாலத்தடியில் நின்றிருந்தாள்! கையில் முள்ளங்கி இலை மூட்டை. நான் எழுந்து பேசியதை யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஏறிப் போய்க் கடைசி இருக்கையில் உட்கார்ந்தாள். ரயில்வே கேட் தாண்டியதும் அவள் குரல் வந்தது: "உங்க டிவி நேத்தும் பொய்தான் சொல்லிச்சு."

"உங்க டிவி மட்டும் வேதமா ஓதுச்சு?"

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

வேன் முழுக்கச் சிரிப்பு. சூப்பில் உப்பு சரியாக இருந்தது. ஆனால் என் கிண்ணத்தை அவள் கையால் நீட்டவில்லை, மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அது போதாது என்று கேட்க என்ன உரிமை இருக்கிறது?

மே 11, ஞாயிறு

இன்று என் முறை. எழுதியதைப் போதகரிடம் காட்டியாயிற்று. மேடையில் நின்று "ஜெபிப்போம்" என்றேன். எல்லாத் தலைகளும் குனிந்தன. தாளைப் பார்த்துப் படிக்க வேண்டியிருந்ததால் என் கண் திறந்திருந்தது. அதனால் பார்த்தேன்.

மூன்றாம் வரிசையில் ஒரு தலை மட்டும் குனியவில்லை. தாக் அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மழைக்குக் கேட்டேன், நோயாளிகளுக்குக் கேட்டேன். அவள் இமைக்கவில்லை. நாடு வந்தது.  "ஆண்டவரே, எங்கள் நாட்டுக்கு இரங்கும்." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். அடுத்த வரிக்குப் போய்விட்டு நிமிர்ந்தேன்.

அவள் கண்ணை மூடியிருந்தாள்.