மெர்ஸி சொல்லாமல் விட்டது

12 ஆகஸ்ட் 1987, புதன்.

எங்கள் தோல் கம்பெனியின் ஸ்டாக் கணக்குக்கு நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமில் தப்பு இருந்தது. ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்த மெர்ஸி அதைத் திருத்திவிட்டுத் தனியாக வந்து சொன்னாள்.

"யார்கிட்டயும் சொல்லல சார். உங்க வேலைக்கு இன்னா ஆவுமோன்னு பயமா இருந்துச்சு."

கம்ப்யூட்டருக்கு ஒரு ஆள் போதும் என்று முதலாளி போன வாரமே சொல்லியிருந்தார். நேராக அவரிடம் போனேன்.

"மெர்ஸி என்னைக் கேக்காம என் புரோகிராம்ல கை வச்சிட்டா, பாய்."

அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். என்னை ஒருமுறை பார்த்தாள். "ஆமா பாய், வச்சேன்" என்றாள். என் தப்பைப் பற்றிப் பேசவே இல்லை.

சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். வாசலில், "வர்றேன் சார்" என்றாள். தலையாட்டினேன்.

என் வேலை தங்கிவிட்டது. சந்தோஷமும் இல்லை, அழுகையும் வரவில்லை. சாப்பிடும்போது மனைவி, "குழம்புல உப்பு சரியா இருக்குதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை.