இருபதாம் திகதி மேடை

மார்ச் 3, செவ்வாய்

றாப் பாட்டு விழாவுக்குத் திகதி போட்டாச்சு. நோன்புப் பெருநாள் பின்னேரம், கல்முனைக் கடற்கரை. கலண்டரில் பெருநாள் 20 என்று இருக்கிறது. அண்டைக்கு ஊரே கடற்கரையில் நிற்கும், நான் சனம் தேட வேண்டியதில்லை. கொழும்பில் பெரிய இசைவிழாவுக்குப் பாடுற ஆக்களை எடுக்கிற விதுஷாவும் 20 மட்டும்தான் வரலாமாம். 21 விடிய அவவுக்குப் பிளேன்.

கோகுலன்ட பாட்டை அவ ஒருக்கா நேரில் கேட்டால் போதும். தம்பிலுவிலில் எட்டு வருஷமாக றாப் எழுதுகிறான், இன்னும் ஒரு மேடை கிடைக்கவில்லை. 24ஆம் திகதி கட்டாருக்கு வேலைக்குப் போக ரிக்கட் எடுத்து வைத்திருக்கிறான். விதுஷா எடுத்தால் போகமாட்டானாம்.

மார்ச் 11

பள்ளிவாசல் தலைவர் அபுல் ஹஸன் ஹாஜியார் கடற்கரையைத் தர ஓம் சொல்லிட்டார். கெட்ட வார்த்தை கூடாது, தொழுகை நேரம் ஸ்பீக்கர் நிற்பாட்ட வேண்டும். கொழும்பிலிருந்து விதுஷா வாறதையும் சொல்லி வைத்தேன். நான் எழும்பும்போது, "கலண்டர் அடிச்சவனுக்குப் பிறை தெரிஞ்சிட்டாமா மகன்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கிச்சு. பிறை தெரியாட்டி பெருநாள் 21. இருபதில் நோன்பு, பாட்டு வைக்க ஏலா! சின்ன வயசில இருந்து பிறை பார்க்கிறவன், இத யோசிக்கல்லியே. என்ன மூளைடா முர்ஷித் ஒனக்கு?

மார்ச் 16

இரவு தறாவீஹ் தொழுகையில் நிற்கிறேன், மனம் மேடையில் நிற்கிறது. அல்லாஹ் மன்னிக்கணும்.

மார்ச் 19, வியாழன்

பிறை தெரியல்ல. பள்ளி ஸ்பீக்கரில், நாளைக்கும் நோன்பு என்று சொல்லிட்டாங்க.

கோகுலன் உடனே போன் எடுத்தான். தமிழ்ப் பொடியன், ஆனாலும் அண்ணன் எண்டு சொல்லாம எங்கட ஆக்கள் மாதிரிக் காக்கா எண்டுதான் என்னைக் கூப்பிடுவான். "காக்கா, நாளைக்கே எங்கட ஊர்ல வைப்பம், இஞ்ச நோன்பு இல்லத்தானே. மீன் வாடிக் கொட்டில் சும்மாதான் கிடக்கு. நீங்க நோன்பு திறந்துட்டு வாங்க, விதுஷா அக்கா கேட்டாப் போதும்தானே."

போதும்தான். ஆனா நோன்பு முப்பதில் முர்ஷித் பாட்டு வைச்சானாம் எண்டு ஊர் கதைச்சா? ஹாஜியார் அதுக்குப் பிறகு கடற்கரையத் தரமாட்டன் எண்டா? வாப்பா எந்த மூஞ்சியோட பெருநாள் தொழுகைக்குப் போற? யோசிச்சுச் சொல்றன் எண்டு போனை வைச்சேன்.

விதுஷாவுக்கு எழுதினேன்: வர வேண்டாம், விழா இருபத்தொன்றுக்கு.

கோகுலனுக்குச் சொன்னது வேற. அவவுக்கு நாளைக்கு வர ஏலாதாம் எண்டன்.

பொய். நோன்பு மாசத்தில பொய்.

மார்ச் 20

ஒன்றும் எழுத மனமில்லை. அவ இந்நேரம் தம்பிலுவிலில் இருந்திருப்பா.

மார்ச் 21, பெருநாள்

கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. கோகுலன் மேடை ஏறினான். தன் ஊர்ப் பேச்சிலேயே, காகிதம் பார்க்காமல், மூன்று பாட்டு. பிள்ளை தூக்கி வந்த பொம்பிளைகளும் நின்று கேட்டார்கள். இன்னொன்று, இன்னொன்று என்று சனம் விடவில்லை. எனக்குச் சந்தோஷப்பட ஏலாமல் போச்சு. கேட்க வேண்டிய ஒரு ஆள் விடியவே பறந்துட்டா.

முடிந்ததும் ஹாஜியார் கையைப் பிடித்தார். "நல்லாச் சொல்றானே! அந்தக் கொழும்புப் பிள்ளை எங்க?"

நேற்று மட்டும்தான் வரலாமாயிருந்தது என்றேன்.

"அப்ப நேத்து அவன்ட ஊர்ல வைச்சிருக்கலாமே, மகன். இஞ்ச எண்டா நான் வேணாம் எண்டிருப்பன். தம்பிலுவில்ல பாடுறத மறிக்க நான் ஆரு? என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கேட்கவில்லை. கேட்கப் பயந்தேன்.

மார்ச் 24

கோகுலனை எயாப்போட் போற வேனில் ஏற்றிவிட்டு வந்தேன். கதவைச் சாத்த முன், "விதுஷா அக்காவ ஏசாதீங்க காக்கா, அவங்களுக்கு எவ்வளவு வேலை" என்றான். இப்ப சொல்லுடா, இப்ப சொல்லுடா எண்டு மனசு சொல்லிச்சு, நான் கதவைச் சாத்திவிட்டன். வேன் போயிட்டு.

ஏப்ரல் 2

கட்டாரிலிருந்து புதுப் பாட்டொன்று அனுப்பியிருக்கிறான். எட்டுப் பேர் படுக்கிற அறையில், போர்வைக்குள் இருந்து பதிவு செய்ததாம். விதுஷா அக்காவுக்கு அனுப்பிவிடச் சொன்னான்.

அனுப்பினேன். அவவை வரவேண்டாம் என்றது நான்தான், பயத்தில் செய்தேன் என்று இரண்டு பேருக்கும் எழுதினேன். விதுஷா இன்னும் பார்க்கவில்லை. கோகுலன் பார்த்துவிட்டான்.